பாதியில் நின்ற பேய்க்கதை

(சென்ற ஆண்டு நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் என்னிடம், "அமெரிக்காவில் நாற்பது வருஷம் இருந்திருக்கீங்க, அந்த வாழ்க்கையைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். அமெரிக்க வாழ்க்கை என்றால் பனி, கார், பாத்திரம் தேய்ப்பது. அதைக் கேட்கவா நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? ஆகவே நான் பேயைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். (சிரிப்பு)

சிரிக்கிறவர்கள் எல்லாம் டே-ஸ்காலர்கள். ஹாஸ்டல் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, பார்த்தேன். மேற்குப் பக்கத்துக் கடைசிக் குளியலறை அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே கொலுசுச் சத்தம் கேட்கும். முதல் வருஷம் சேர்ந்த மூன்றாம் நாளே சீனியர் அக்காமார்கள் நமக்கு அதைச் சொல்லிவிடுவார்கள். நானே என் காதால் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். மூன்று வருஷமும் எட்டு மணிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. அந்தக் குளியலறையை ஒட்டித்தான் காம்பவுண்டு சுவர் இடிந்திருந்தது என்பதும், அந்தக் கொலுசால் வார்டன் அம்மாவுக்கு ஒரு வாட்ச்மேன் சம்பளம் மிச்சமானது என்பதும் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று. புரிய வைத்தது என் மகன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை பத்து வாரத்துக்கு மேல். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பிள்ளையை என்ன செய்வது? தாத்தா பாட்டி வீடு நமக்கு ஒன்பதாயிரம் மைல். அதற்குத்தான் சம்மர் கேம்ப். ஏரிக்கரையில், காட்டுக்குள், மரக் கேபின்கள். ஒரு கேபினுக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கவுன்சிலர். நம்ம ஊர் வார்டு கவுன்சிலர் இல்லீங்க. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன், காலேஜ் மாணவன். நீச்சல், படகு, அம்பு விடுவது, வாரத்துக்கு ஒரு கடிதமாவது வீட்டுக்கு எழுதுவது. ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு, பிறகு கதை. இந்த வழக்கத்தின் ஆரம்பம் 1861 என்பார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய ஃப்ரெடரிக் கன் என்ற ஆசிரியர், உள்நாட்டுப் போர் தொடங்கிய அந்த வருஷம், தன் மாணவர்களைக் கிட்டத்தட்ட நாற்பது மைல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தார். அன்று தொடங்கியது, இன்று லட்சக்கணக்கான பிள்ளைகள் போகிறார்கள்.

1994. என் மகனுக்குப் பத்து வயசு. நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப்பக்கம் ஒரு கேம்ப், இரண்டு வாரம். போவதற்கு முன் பிள்ளை தயாராக வேண்டாமா? பள்ளிக்கூடத்துப் புத்தகக் கண்காட்சியில் 'வெல்கம் டு கேம்ப் நைட்மேர்' என்று ஒரு புத்தகம். கேம்ப் என்ற வார்த்தையை மட்டும் பார்த்து, ஏதோ வழிகாட்டிப் புத்தகம் என்று நானே காசு கொடுத்து வாங்கினேன். தாவரவியல் படித்த என் மூளை அவ்வளவுதான். நைட்மேர் என்ற வார்த்தை கண்ணில் படவில்லை.

அது ஆர். எல். ஸ்டைன் எழுதிய கூஸ்பம்ப்ஸ் வரிசையில் ஒன்று, 1993ல் வந்தது. 1992ல் தொடங்கிய அந்த வரிசை, உச்சத்தில் இருந்தபோது மாதத்துக்கு நாற்பது லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். பேய்க்கதை எழுத வருவதற்கு முன் ஸ்டைன் பிள்ளைகளுக்கு நகைச்சுவைப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். அது படித்தால் தெரியும். அத்தியாயம் முடியும்போது ஒரு கை தோளில் விழும். பக்கத்தைத் திருப்பினால் அது நண்பனுடைய கையாக இருக்கும். 'தி ஹாரர் அட் கேம்ப் ஜெல்லிஜாம்', 'கோஸ்ட் கேம்ப்', 'தி கர்ஸ் ஆஃப் கேம்ப் கோல்ட் லேக்' என்று கேம்ப்பை வைத்தே பின்னால் இன்னும் எழுதினார். நான் வாங்கிய புத்தகத்தில் பில்லி என்ற பையன் கேம்ப்புக்குப் போகிறான். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். பெரியவர்கள் அப்படி ஒரு பிள்ளை வரவே இல்லையே என்கிறார்கள். அதில் ஒரு இடம். பிள்ளைகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஒன்றுகூடத் தபாலில் சேர்க்கப்படாமல் மூட்டையாகக் கிடப்பதைப் பில்லி பார்க்கிறான். இரத்தம் இல்லை, பிணம் இல்லை. நான் எழுதினதை அம்மா படிக்கவே இல்லை. அவ்வளவுதான். பத்து வயசுப் பிள்ளையின் நெஞ்சில் கை வைக்கிற இடம் அது. ஸ்டைனை இலக்கியக்காரர் என்று நான் வாதாடமாட்டேன், ஆனால் பிள்ளைகளின் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர். கடைசியில் எல்லாம் ஒரு பரீட்சை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முடியும்.

கேம்ப்புக்குப் போன ஆறாம் நாள் என் மகனிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. நலம், சாப்பாடு பரவாயில்லை. காட்டுக்குள் கிராப்ஸி என்று ஒருத்தன் இருக்கிறான், கோடாலி வைத்திருக்கிறான். இந்தக் கடிதம் கிடைத்தால் பதில் போடவும், கிடைக்காவிட்டாலும் உடனே தெரியப்படுத்தவும். (சிரிப்பு)

என் வீட்டுக்காரரும் உங்களைப் போலத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேம்ப் ஆபீசுக்குப் போன் செய்தேன். "அது சும்மா கதை அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். வெள்ளிக்கிழமை என்ன சரியாகும் என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் இரண்டரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் வரமாட்டேன் என்று அழுதான். பயத்தில்தான் அழுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிராப்ஸி யார் என்று சொல்லவேண்டும். நியூயார்க் பக்கத்துக் கேம்ப்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் 1977லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஊரில் மதிப்பான ஒரு மனிதர், நீதிபதி என்பார்கள் சிலர், வியாபாரி என்பார்கள் சிலர். கேம்ப் பிள்ளைகளின் அஜாக்கிரதையால் அவர் பிள்ளை இறந்துவிடுகிறது. அவருக்குப் புத்தி பேதலித்துக் காட்டுக்குள் போய்விடுகிறார். வருஷா வருஷம் அதே நாளில் பழி வாங்க வருகிறார். அந்த நாள் எது என்றால், நம் கேம்ப்பின் கடைசி நாள்! கவுன்சிலர் இதை ஒரே ராத்திரியில் சொல்லமாட்டான். முதல் நாள் கொஞ்சம், நாலாம் நாள் கொஞ்சம். பகலில் ஒரு மரத்தில் கோடாலி வெட்டு இருப்பதைத் தற்செயலாகக் காட்டுவான். பத்தொன்பது வயசுப் பையன் பத்துப் பிள்ளைகளை ராத்திரி ஏரிப்பக்கம் போகாமல் காக்கவேண்டும். கதையை விட உயரமான வேலி கிடையாது. நம் வார்டன் அம்மாவுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசி இரவு என்ன நடந்தது என்பதை எங்கள் தெருவிலிருந்து போயிருந்த இன்னொரு பையன் வந்து சொன்னான். வெள்ளிக்கிழமை நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, கதை உச்சத்துக்கு வந்த நேரம் புதரிலிருந்து ஒரு உருவம் பாய்ந்திருக்கிறது. தலைவிரி கோலம், கையில் கோடாலி. பிள்ளைகள் அலறி ஓடியிருக்கிறார்கள். ஒரு பையன் திரும்பிப் பார்த்து, "டேய், அது நம்ம பக்கத்துக் கேபின் கவுன்சிலர் ஷூடா" என்றிருக்கிறான். கோடாலி என்று நினைத்தது படகுத் துடுப்பு. அப்புறம் நடு ராத்திரி வரை சிரிப்பு. ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் துடுப்பை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறது.

கேட்டாயா, எல்லாம் வேஷம், இனிமேல் பயமில்லையே என்றேன் மகனிடம். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அவங்க பார்த்தது வேஷம் போட்டவனை. நிஜமானவன் அன்னைக்கு வரலை, அவ்வளவுதான்" என்றான்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். விளக்கை அணைக்க விடமாட்டான். ஜன்னல் பக்கம் படுக்கமாட்டான். மற்ற ஒன்பது பிள்ளைகள் அந்தக் கோடை முடிந்ததும் கிராப்ஸியை மறந்துவிட்டார்கள். என் பிள்ளை மட்டும் அவனைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஏற்றினது யார்? நான்தான். கதையின் நடுவில் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான்.

ஆனால் அன்று எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. டிசம்பரில் அவன் பையில் இன்னொரு புத்தகத்தைப் பார்த்தேன். 'ஸ்கேரி ஸ்டோரீஸ் டு டெல் இன் தி டார்க்'. ஆல்வின் ஷ்வார்ட்ஸ் தொகுத்தது, 1981ல் வந்தது. நாங்கள் இருந்த நியூ ஜெர்சியிலேயே, பிரின்ஸ்டனில் வாழ்ந்து 1992ல் மறைந்தவர். கதைகளைக்கூட விடுங்கள், ஸ்டீஃபன் கேமல் வரைந்த படங்கள்! மை கரைந்து ஒழுகுகிற மாதிரி முகங்கள், கண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. அதே கேமல்தான் வேறொரு புத்தகத்துக்காக 1989ல் குழந்தைகள் பட நூலுக்கான கால்டிகாட் பதக்கம் வாங்கியவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போனேன். இதைக் குழந்தைகள் பகுதியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக்கொடுக்கத் தயாராக. நான் ஒருத்தி மட்டும் இல்லை. 1990 முதல் 1999 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட புத்தகங்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் முதல் இடம் இந்த வரிசைக்குத்தான். எத்தனையோ தாய்மாரின் கையெழுத்து அதில் இருக்கிறது. என் கையெழுத்து நூலிழையில் தப்பியது.

குழந்தைகள் பகுதியில் இருந்த அம்மையார் என் கோபத்தை முழுவதும் கேட்டார். பிறகு ஒரே கேள்வி. "இதைப் பையன் தனியாகப் படிக்கிறானா, யாராவது படித்துக் காட்டுகிறீர்களா?" புத்தகத்தைத் திறந்து முதல் கதையைக் காட்டினார். பையன் ஒருவன் தோட்டத்தில் மண்ணைத் தோண்டும்போது ஒரு கால் பெருவிரல் கிடைக்கிறது. அம்மா அதைச் சூப்பில் போட்டுவிடுகிறாள். ராத்திரி விரலுக்குச் சொந்தக்காரன் தேடிக்கொண்டு வருகிறான். அதைவிட எனக்கு ஆச்சரியம், கதைக்குள்ளேயே குறிப்பு இருந்தது, இந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர் மேல் பாயவும் என்று. இது படிக்கிற புத்தகமே இல்லை, சொல்கிறவனுக்கான புத்தகம். தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் ஒவ்வொரு கதையும் எங்கிருந்து கிடைத்தது என்று ஷ்வார்ட்ஸ் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருக்கிறார். இருட்டில் பாய்ந்து பயமுறுத்தும் இந்த வகைக் கதையை மார்க் ட்வைன் சிறுவயதில் ஒரு கறுப்பின அடிமை முதியவரிடம் கேட்டு, பின்னால் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொல்வது என்று 1895ல் ஒரு கட்டுரையே எழுதினார். பாய்வதற்கு முன் விடும் இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறதாம். இம்மி கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பெருவிரல் கதையை நான் படித்தேன். நம்ம ஊர் ஆங்கில உச்சரிப்பில், பாட்டனி ரெக்கார்டு வாசிக்கிற மாதிரி. பாயவேண்டிய இடத்தில் முன்னாலேயே பாய்ந்துவிட்டேன். பையன் அசையவில்லை. "அம்மா, கொஞ்சம் நிறுத்தணும்" என்றான். இரண்டாவது தடவை ரொம்ப நேரம் நிறுத்திவிட்டேன். மூன்றாவது தடவை அவனே புத்தகத்தை வாங்கிக்கொண்டு எனக்குச் சொன்னான். எனக்குத் தெரிந்த கதை, பத்து நிமிஷத்தில் மூன்றாம் முறை. ஆனாலும் அவன் பாய்ந்தபோது நான் போட்ட சத்தத்தில் கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் மாடிக்கு ஓடி வந்தார். அந்தப் பிள்ளை சிரித்தான் பாருங்கள், ஆறு மாசம் கழித்து. அன்றைக்கே விளக்கை அணைத்துவிட்டான் என்று சொன்னால் அது கதையாகிவிடும். மார்ச் மாசத்தில்தான் அணைத்தான். நடுவில் எங்கள் வீட்டில் தினம் ஒரு கதை. என் சரக்கு தீர்ந்துபோய், நம் ஹாஸ்டல் கொலுசை எடுத்து விட்டேன். "யாரும்மா கொலுசை ஆட்டினது?" என்றான் உடனே. அப்போதுதான் இடிந்த சுவரும் வார்டன் அம்மாவும் எனக்குச் சேர்ந்து ஞாபகம் வந்தார்கள்.

நம்மை யார் இப்படித் தடுத்தார்கள், சொல்லுங்கள்? 1947ல் தொடங்கிய அம்புலிமாமாவில் மாதா மாதம் ஒரு ராஜா சுடுகாட்டு வழியாகத் தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு நடந்தார். 2020ல் மறைந்த ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் இங்கே கண்ணை மூடினால் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தாயும் மனு எழுதவில்லை. பாதிப்பேர் வீட்டில் அதை அப்பாதான் சத்தம் போட்டு வாசித்தார், ஆறு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து அதே நூலகத்தில் நானும் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷம் குழந்தைகள் பகுதியில் இருந்தேன். அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை அம்மாக்கள் வந்திருப்பார்கள்! எல்லோரிடமும் நான் கேட்டது அந்த அம்மையார் கேட்ட கேள்விதான். சிலர் புத்தகத்தோடு திரும்பிப் போனார்கள். சிலர் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 2010ஐ ஒட்டிப் பதிப்பகமே கேமலின் படங்களை எடுத்துவிட்டு வேறு சாந்தமான படங்களைப் போட்டது. வளர்ந்துவிட்ட பழைய வாசகர்கள் போட்ட சத்தத்தில் 2017ல் பழைய படங்களே திரும்ப வந்தன.

எல்லாக் கதையையும் நான் ஆதரிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2009ல் 'கிராப்ஸி' என்றே ஒரு ஆவணப்படம் வந்தது. என் மகனுக்கு அப்போது 25 வயசு. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தான். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் பிள்ளைகளுக்குக் கிராப்ஸி என்றால் வில்லோபுரூக் என்ற அரசு விடுதியிலிருந்து தப்பிய பைத்தியக்காரன். அந்த விடுதி மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக இருந்தது. நாலாயிரம் பேருக்கான இடத்தில் அதற்கும் அதிகமானவர்களை அடைத்து, உடுத்தத் துணியில்லாமல், கவனிக்க ஆளில்லாமல் கிடந்ததை 1972ல் தொலைக்காட்சி நிருபர் ஜெரால்டோ ரிவேரா கேமராவோடு உள்ளே போய்க் காட்டினார். 1987ல் அது மூடப்பட்டது. அதே 1987ல் 12 வயசுச் சிறுமி ஒருத்தி காணாமல் போய், அந்த வளாகத்தை ஒட்டியே பிணமாகக் கிடைத்தாள். அவளைக் கடத்தியதாகத் தண்டிக்கப்பட்டவன் அந்த விடுதியின் நோயாளி அல்ல, முன்பு அங்கே வேலை பார்த்தவன். வெளியே இருந்த பிள்ளைகள் உள்ளே இருந்தவர்களைப் பார்த்துப் பயந்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் யாரைப் பார்த்துப் பயந்திருப்பார்கள் என்று என் மகன் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு நூலகத்துக் கதை நேரத்தில், பைத்தியக்கார விடுதியிலிருந்து ஒருவன் தப்பி வந்தான் என்று தொடங்கும் கதை எதையும் நான் சொன்னதில்லை. கெட்டவன் வேண்டுமென்றால் பேய் இருக்கிறது, வேதாளம் இருக்கிறது. அவற்றுக்கு மனம் புண்படாது.

போன கோடையில் என் பேத்திக்கு ஒன்பது வயசு. கேம்ப்புக்கு விட நானும் மகனும் போனோம். போர்வை, கொசு மருந்து, பெயர் எழுதின சட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. என் மகன் அந்தக் கவுன்சிலர் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன கதை வேணுமானாலும் சொல்லுங்க. ஆனா கடைசி ராத்திரி வரைக்கும் இவ இங்கே இருப்பா. எங்கம்மா போன் பண்ணினா எடுக்காதீங்க" என்றான். (பலத்த சிரிப்பு) நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். பாதியில் நின்ற கதை ஒன்று என்னிடமும் பாக்கி இருக்கிறது. 1972 ஜூலையிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியாத விஷயம். வார்டன் அம்மா கொலுசு போடமாட்டார்கள், சாட்சி இருக்கிறது. மேற்குக் குளியலறையில் அதை ஆட்டியவர் இந்த அரங்கத்தில் இருந்தால் தயவுசெய்து கையைத் தூக்கவேண்டும். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

(இரண்டு பேர் கை தூக்கினார்கள். இருவரும் ஒருவரையொருவர் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்கள்.)